கையடக்க ரிமோட் கொண்டு சிறுபடகின் மோட்டாரைத் திருப்புதல்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிறிய படகில் தனியாகச் செல்பவர் மோட்டாரின் கைப்பிடியை விட்டு எழ முடியாமல் பின்முனையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. எடை முழுவதும் பின்னால் சேர்வதால் முன்முனை தூக்கிக்கொள்கிறது. எதிரே இருப்பது சரியாகத் தெரிவதில்லை. தூண்டிலையோ கயிற்றையோ கவனிக்க ஒரு கை மட்டுமே மிஞ்சுகிறது. கையடக்க ரிமோட் இந்தக் கட்டிலிருந்து அவரை விடுவிக்கிறது. படகின் எந்த இடத்தில் நின்றாலும், உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பெட்டியின் பொத்தான்களால் மோட்டாரை இடமும் வலமும் திருப்பலாம். பல வகைகளில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்யலாம்.

வசதி பெரியது என்பதாலேயே ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். ரிமோட் என்பது மோட்டாருக்குக் கட்டளையைக் கொண்டு செல்லும் வழி மட்டுமே. அந்த வழி ஏதோ ஒரு காரணத்தால் அடைபட்டால் உங்கள் மோட்டார் என்ன செய்யும் என்பதைத் தெரிந்துகொள்ளாத வரை, கரையை விட்டு விலகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வாங்குவது, பொருத்துவது, பழகுவது ஆகிய எல்லாப் படிகளையும் இந்தக் கேள்வியை முன்வைத்தே கீழே விளக்கியிருக்கிறேன்.

உள்ளே நடப்பது என்ன

வானொலி அலைகளால் தொலைவிலிருந்து இயக்கப்பட்ட முதல் கருவிகளுள் ஒன்று படகுதான். நிகோலா டெஸ்லா 1898 ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடந்த மின்பொருள் கண்காட்சியில் அத்தகைய சிறு படகு ஒன்றை மக்கள் முன் இயக்கிக் காட்டினார். அதே ஆண்டு நவம்பரில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். கட்டளையை அலையாக அனுப்புவது, அதைப் படகில் இருக்கும் ஏற்பி உணர்வது, ஒரு சிறு மோட்டார் சுக்கானைத் திருப்புவது என்ற அந்த அமைப்பின் அடிப்படை இன்றும் மாறவில்லை.

இன்று புழக்கத்தில் இருப்பவை இரண்டு குடும்பங்கள். முதலாவது, பேட்டரியில் ஓடும் டிராலிங் மோட்டார். இதன் தலைப்பகுதியில் இருக்கும் சிறு மின்மோட்டார் பற்சக்கரங்கள் வழியாக நீண்ட தண்டைச் சுழற்றுகிறது. தண்டின் அடியில் இருக்கும் புரொப்பெல்லர் அதனுடன் சேர்ந்து திரும்புகிறது. தண்டு முழு வட்டமும் சுழலக்கூடியது என்பதால், பின்னோக்கிச் செல்ல வேண்டுமானால் புரொப்பெல்லரை அப்படியே எதிர்ப்பக்கம் திருப்பிவிடலாம். இரண்டாவது, பெட்ரோலில் ஓடும் சிறிய அவுட்போர்டு மோட்டாருடன், அதாவது படகின் பின்முனையில் வெளிப்புறமாக மாட்டப்படும் மோட்டாருடன், தனியாகச் சேர்க்கப்படும் திருப்பு கருவி. மின்சாரத்தால் நீண்டு சுருங்கும் ஒரு தண்டோ, சிறிய பம்பால் இயங்கும் எண்ணெய் சிலிண்டரோ மோட்டாரை இரு பக்கமும் தள்ளுகிறது. இங்கே முழு வட்டம் கிடையாது. நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 30 பாகை அளவுக்கே மோட்டார் திரும்பும்.

இரண்டிலும் பொதுவான ஓர் உண்மையைப் புதியவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். இந்தப் படகுகளில் தனிச் சுக்கான் இல்லை. புரொப்பெல்லர் தள்ளும் நீர்தான் படகைத் திருப்புகிறது. ஆகவே வேகத்தை முற்றிலும் குறைத்துவிட்டால் திருப்பும் ஆற்றலும் ஏறக்குறைய இல்லாமல் போகிறது. துறையை நெருங்கும்போது பயந்து வேகத்தைச் சுழியத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, இடது பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருப்பவர்களின் படகு காற்று போகும் திசையில்தான் போகும்.

மோட்டார் எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம். முன்முனையில் இருக்கும் மோட்டார் படகை இழுக்கிறது. அது எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் முன்முனை நேரடியாகப் போகிறது. பின்முனையில் இருக்கும் மோட்டார் தள்ளுகிறது. படகு இடப்புறம் திரும்ப வேண்டுமானால் அது பின்முனையை வலப்புறம் தள்ள வேண்டும். அதனால் திருப்பத்தின்போது பின்முனை வெளிப்பக்கமாக வீசி வரும். துறைச்சுவரை ஒட்டி நிற்கும் படகை அப்படித் திருப்பினால் பின்பகுதி சுவரில் இடிக்கும்.

எதை வாங்குவது

முதலில் முடிவு செய்ய வேண்டியது கம்பியுள்ளதா, கம்பியில்லாததா என்பது. கம்பியுள்ள கைக்கட்டுப்பாடு இன்று பழையதாகத் தோன்றலாம். ஆனால் அதற்குத் தனி பேட்டரி தேவையில்லை, மோட்டாருடன் இணைக்கும் சடங்கு இல்லை, அலைத் தடை இல்லை, தண்ணீரில் விழுந்தாலும் கம்பியைப் பிடித்து இழுத்துவிடலாம். கால் தடுக்குவதும், உப்புக்காற்றில் பிளக் அரிப்பதும் அதன் குறைகள். ஒருவர் மட்டும் செல்லும், நான்கு மீட்டருக்கு உட்பட்ட படகுக்கு அதுவே போதும் என்று நான் கருதுகிறேன். படகு நீளமாக இருந்தால், அல்லது இருவர் மாறி மாறி ஓட்டுவதாக இருந்தால், கம்பியில்லாதது பொருந்தும்.

அடுத்து, ரிமோட் திசையை மட்டும் மாற்றுமா, வேகத்தையும் மாற்றுமா என்று பாருங்கள். மின்மோட்டார்களில் இரண்டும் சேர்ந்தே வரும். பெட்ரோல் மோட்டாருக்கான கருவிகளில் பல திசையை மட்டுமே மாற்றும். வேகத்துக்கும் கியருக்கும் மோட்டாரிடமே போக வேண்டும், அல்லது வேகக் கம்பியை இழுக்கும் தனிக் கருவியைச் சேர்க்க வேண்டும். திசையை மட்டும் மாற்றும் ரிமோட்டை வைத்துக்கொண்டு முன்முனையில் நிற்பவரால் அவசரத்தில் மோட்டாரை நிறுத்த முடியாது. அத்தகைய கருவியை வாங்குபவர் உடலோடு இணைக்கும் அவசர நிறுத்துக் கயிற்றையோ, அதே வேலையைச் செய்யும் கம்பியில்லா நிறுத்தியையோ கூடவே வாங்கிக்கொள்ள வேண்டும்.

ரிமோட்டைக் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவினால் இடது, வலது, நிறுத்து ஆகிய மூன்றையும் பிரித்தறிய முடிகிறதா? ஈரக்கையால் அழுத்தும்போது பொத்தான் அழுந்தியது விரலுக்குத் தெரிகிறதா? படகு ஓட்டும்போது கண் நீரின் மேல் இருக்க வேண்டுமே தவிர ரிமோட்டின் மேல் இருக்கக் கூடாது என்பதால் இந்தச் சோதனைக்கு எந்தச் சிறப்பம்சத்தையும் விட நான் அதிக மதிப்புத் தருவேன். நீர்த்தடுப்புத் தரம் ஐபிஎக்ஸ் 7 என்று குறிக்கப்பட்டிருந்தால், ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் இருந்தாலும் உள்ளே நீர் புகாது என்று பொருள். ஐபிஎக்ஸ் 4 என்றால் தெறிக்கும் நீரை மட்டுமே தாங்கும். ஆனால் நீர் புகாதது என்பதும் மிதக்கும் என்பதும் ஒன்றல்ல. மிதக்காத ரிமோட்டுக்குக் கழுத்துக் கயிறு கட்டாயம்.

சில ரிமோட்டுகளில், நீங்கள் கையை நீட்டிக் காட்டும் திசைக்கே மோட்டார் திரும்பும் வசதி உண்டு. இது ரிமோட்டின் உள்ளே இருக்கும் காந்த உணரியை நம்பி நடப்பதால், ஒலிபெருக்கி, காந்தப் பூட்டுள்ள பை, இரும்புக் கருவிப்பெட்டி ஆகியவற்றின் அருகே பிழையாகலாம். பொத்தான்களால் ஓட்டப் பழகிய பிறகே இதற்குச் செல்லுங்கள்.

வலிமை, பேட்டரி, வயர்

மின்மோட்டாரின் வலிமை பவுண்டு உந்துவிசையில் குறிக்கப்படுகிறது. ஆட்கள், பேட்டரி, பொருட்கள் உட்படப் படகின் மொத்த எடையில் ஒவ்வொரு 45 கிலோவுக்கும் 2 பவுண்டு உந்துவிசை என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. மொத்தம் 550 கிலோ என்றால் சுமார் 25 பவுண்டு வருகிறது. இது அமைதியான நீருக்கான குறைந்தபட்ச அளவு. காற்றும் நீரோட்டமும் உள்ள இடத்தில் 40 பவுண்டுக்குக் குறையாமல் எடுத்துக்கொள்வது நல்லது. ரிமோட் கொண்டு திருப்பும் படகுக்கு இந்தக் கூடுதல் வலிமை மேலும் அவசியம். ஏனெனில் காற்றை எதிர்த்து முன்முனையைத் திருப்ப முடியாத மோட்டாருக்கு எத்தனை கட்டளை அனுப்பினாலும் பயனில்லை.

ஏறத்தாழ 55 பவுண்டு வரையிலான மோட்டார்கள் 12 வோல்ட்டில் ஓடுகின்றன. அதற்கு மேல் 24, பெரியவற்றுக்கு 36 வோல்ட் தேவைப்படுகிறது. 55 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-மணி கொண்ட ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலியாக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால், முழு வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே அது உதவும். வேகத்தைக் குறைத்தால் நிலைமை வெகுவாக மாறுகிறது. நீரைக் கிழித்துச் செல்லும் படகுக்குத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு நெருக்கமாக உயர்கிறது. எனவே பாதி வேகத்துக்கு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு திறன் போதும்.

பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும்போது விலையையும் எடையையும் மட்டும் பார்க்கிறார்கள். திசைக் கட்டுப்பாட்டுக்கு வேறொரு வேறுபாடு முக்கியமானது. ஈய அமில பேட்டரி தீரும்போது மோட்டார் மெல்ல மெல்லத் தளர்ந்து உங்களுக்கு எச்சரிக்கை தருகிறது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஏறத்தாழ கடைசி வரை ஒரே வோல்ட்டேஜைத் தந்துவிட்டு, உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று துண்டித்தவுடன் ஒரே நொடியில் நின்றுவிடுகிறது. அந்த நொடியில் உந்துவிசையும் திருப்பும் ஆற்றலும் சேர்ந்து போய்விடும். ஆகவே லித்தியம் பயன்படுத்துபவர் மிச்சமிருக்கும் மின்னளவைக் காட்டும் மானியைக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் பொருத்தி, மூன்றில் ஒரு பங்கு மீதமிருக்கும்போதே திரும்பிவிட வேண்டும்.

வயரின் தடிமனில் சிக்கனம் பார்க்காதீர்கள். பேட்டரி பின்முனையிலும் மோட்டார் முன்முனையிலும் இருந்து இடையே 5 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டம் போய்வரும் மொத்த நீளம் 10 மீட்டர். 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 50 ஆம்பியர் ஓடினால் சுமார் 1.4 வோல்ட் வழியிலேயே வீணாகும். 16 சதுர மில்லிமீட்டர் வயரில் அது அரை வோல்ட் அளவுக்குக் குறையும். 12 வோல்ட்டில் 1.4 என்பது பத்தில் ஒரு பங்கை மிஞ்சுகிறது. இந்த இழப்பால் மோட்டார் மெதுவாக ஓடுவதோடு நிற்பதில்லை; பேட்டரி கொஞ்சம் தளர்ந்திருக்கும் வேளையில் முழு வேகம் கொடுத்தால், வோல்ட்டேஜ் சரிந்து ஏற்பியின் மின்சுற்று அணைந்து மீண்டும் தொடங்கும். ஓட்டுபவருக்கு இது ரிமோட் கோளாறாகத் தெரியும். புதிய ரிமோட் வாங்கியும் தீராத பல சிக்கல்களுக்கு மூலம் மெல்லிய வயரிலோ அரித்துப்போன முனையிலோ இருக்கிறது.

பேட்டரியின் நேர்முனைக்கு அருகில், மோட்டார் தயாரிப்பாளர் குறிப்பிடும் அளவுள்ள சர்க்யூட் பிரேக்கரைப் பொருத்துங்கள். 50 ஆம்பியர் மோட்டாருக்கு இது பெரும்பாலும் 60 ஆம்பியராக இருக்கும். அமெரிக்கப் படகு மற்றும் யாட் கவுன்சிலின் தரநிலை, பிரேக்கர் பேட்டரியிலிருந்து பொதுவாக 7 அங்குலம், அதாவது சுமார் 18 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறது. கையால் துண்டிக்கக்கூடிய வகையையே தேர்ந்தெடுங்கள். ரிமோட் பதில் சொல்லாதபோது மோட்டாரை நிறுத்தும் கடைசி வழி அதுதான். உட்கார்ந்த இடத்திலிருந்து அதை எட்ட முடிய வேண்டும்.

பொருத்துதல்

மோட்டாரின் தாங்கியைத் திருகாணியால் மரத்திலோ ஃபைபரிலோ திருகி நிறுத்துவது போதாது. தளத்தை ஊடுருவிச் செல்லும் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகள், அடியில் அகலமான தகடு, தளராத நட்டுகள், துளைகளைச் சுற்றிக் கடல்நீரைத் தாங்கும் அடைப்புப் பசை ஆகியவை வேண்டும். மோட்டார் திரும்பும்போது தாங்கியின் மேல் முறுக்கு விசை விழுகிறது. அது ஒவ்வொரு அழுத்தலிலும் திசை மாறி விழுவதால் தளர்ந்த போல்ட் வேகமாக மேலும் தளரும்.

மின்மோட்டாரின் தண்டு, அடிப்பகுதி நீர்மட்டத்துக்குக் கீழே சுமார் 30 சென்டிமீட்டர் அமிழும் நீளம் கொண்டதாக இருக்க வேண்டும். அலையில் முன்முனை எழும்போது புரொப்பெல்லர் காற்றை உறிஞ்சினால் உந்துவிசை விட்டுவிட்டுக் கிடைக்கும். திசையும் அப்படியே தடுமாறும்.

பெட்ரோல் மோட்டாரில் கருவியைப் பொருத்துபவர் மூன்று நிலைகளில் இடைவெளியைச் சோதிக்க வேண்டும்: முழு இடம், முழு வலம், மோட்டாரை நீருக்கு வெளியே தூக்கிய நிலை. தூக்கிய நிலையிலும் ஒருமுறை இருபுறமும் திருப்பிப் பாருங்கள். எரிபொருள் குழாய், வேகக் கம்பி, மின்வயர் எதுவும் இழுபடவோ நசுங்கவோ கூடாது. படகில் பெரிய மோட்டாரும் அருகே துணை மோட்டாரும் இருந்து, இரண்டும் ஓர் இணைப்புத் தண்டால் சேர்க்கப்பட்டிருந்தால், பெரிய மோட்டாரில் வேகமாகச் செல்வதற்கு முன் எது எதைத் திருப்புகிறது, எதைக் கழற்ற வேண்டும் என்று தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மேலும், ரிமோட் செயலிழந்தால் திருப்பு கருவியை விடுவித்துக் கைப்பிடியால் ஓட்டும் வழி உங்கள் கருவியில் என்ன என்று பாருங்கள். சிலவற்றில் ஒரே ஒரு ஊசியை உருவினால் போதும். சிலவற்றில் ஸ்பேனர் தேவைப்படும். ஸ்பேனர் தேவையென்றால் அது எப்போதும் படகிலேயே, கயிற்றில் கட்டப்பட்டு இருக்கட்டும்.

கட்டிய படகில் செய்ய வேண்டிய சோதனைகள்

படகைத் துறையில் முன்னும் பின்னும் இரண்டு கயிறுகளால் இறுக்கமாகக் கட்டுங்கள். புரொப்பெல்லருக்குப் போதுமான ஆழம் இருக்கட்டும். நீரில் யாரும் இருக்கக் கூடாது. பெட்ரோல் மோட்டாரை நீருக்கு வெளியே ஓட்டிப் பார்க்கக் கூடாது, குளிர்நீர் கிடைக்காமல் அதன் பம்பு கெட்டுவிடும்.

ரிமோட்டை மோட்டாருடன் இணைப்பது எளிது. பெரும்பாலும் மோட்டாரில் இருக்கும் இணைப்புப் பொத்தானை அழுத்திக்கொண்டே ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். பீப் ஒலி உறுதி செய்யும். இரண்டு ரிமோட்டுகளை இணைக்க முடியுமானால் இரண்டாவதை இப்போதே இணைத்து, நீர் புகாத பையில் படகிலேயே வையுங்கள்.

பிறகு திசையைச் சோதியுங்கள். மிகக் குறைந்த வேகத்தில் இடது பொத்தானைத் தட்டினால் படகின் முன்முனை இடப்பக்கம் நகர முயல்கிறதா? எதிர்ப்பக்கம் நகர்ந்தால், அமைப்பில் திசையை மாற்றும் வழியைக் கையேட்டில் தேடுங்கள். பழகிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்; நெருக்கடியில் பழக்கம் கைகொடுக்காது.

இனி எல்லாவற்றிலும் முக்கியமான சோதனை. மோட்டார் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றுங்கள். கழற்ற முடியாத வகையென்றால் அதை அணைத்துவிடுங்கள். கம்பியுள்ளது என்றால் பிளக்கை உருவுங்கள். என்ன நடக்கிறது? சில மோட்டார்கள் தொடர்பு போனதை உணர்ந்து நின்றுவிடும். வேறு சில, கடைசியாகக் கிடைத்த கட்டளையை அப்படியே வைத்துக்கொண்டு அதே வேகத்தில், அதே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டாவது வகை என்றால், ரிமோட் தண்ணீரில் விழுந்த நொடியிலிருந்து உங்கள் படகு தன் போக்கில் போகும் என்று பொருள். நீங்களே தண்ணீரில் விழுந்தால் அது உங்களை விட்டுவிட்டுப் போகும். ரிமோட் உங்கள் கழுத்தில் இருந்தாலும், நீருக்குள் மூழ்கிய ரிமோட்டிலிருந்து அலை வெளியே வராது. பெரும்பாலான ரிமோட்டுகள் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் மிக விரைவாக உறிஞ்சிக்கொள்கிறது.

இந்தச் சோதனையின் முடிவை ஒரு நீர்படாத ஒட்டுத்தாளில் எழுதி மோட்டாரின் தலையில் ஒட்டிவிடுங்கள். படகை இரவல் வாங்குபவருக்கும், உடன் வருபவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். தொடர்ந்து, ரிமோட்டைத் தொடாமல் மோட்டாரை நிறுத்தும் எல்லா வழிகளையும் ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள்: மோட்டாரில் இருக்கும் சுவிட்ச், சர்க்யூட் பிரேக்கர், அவசர நிறுத்துக் கயிறு. ஒவ்வொன்றுக்கும் கை தானாகப் போகும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

தண்ணீரில் முதல் பயிற்சி

காற்று குறைந்த காலையில், பிற படகுகளும் நீந்துபவர்களும் இல்லாத அகன்ற நீரில் தொடங்குங்கள். மிதவை அங்கியை அணிந்து, துடுப்பைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். முதல் முறை ரிமோட் பழகிய ஒருவரோ, குறைந்தது கைப்பிடியால் படகு ஓட்டத் தெரிந்த ஒருவரோ மோட்டாரின் அருகே உட்கார்ந்திருப்பது நல்லது.

தொலைவில் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும் இரண்டு நிலையான பொருட்களைத் தேர்ந்தெடுங்கள்; ஒரு மரமும் அதன் பின்னே ஒரு கோபுரமும் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே கோட்டில் இருக்கும்படி படகை ஓட்ட முயலுங்கள். முன்னுள்ள மரம் கோபுரத்துக்கு இடப்புறம் விலகித் தெரிந்தால், நீங்கள் கோட்டின் வலப்புறம் நகர்ந்துவிட்டீர்கள். முன்முனை எங்கே நோக்குகிறது என்பதை மட்டும் பார்த்து ஓட்டுபவருக்குக் காற்று பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போவது தெரிவதே இல்லை. இந்த இரு பொருள் முறை அதை உடனே காட்டிவிடும்.

தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் பிழை பொத்தானை நீண்ட நேரம் அழுத்துவது. அழுத்தியதற்கும் தண்டு திரும்புவதற்கும் இடையே சிறு தாமதம். தண்டு திரும்பியதற்கும் படகு திரும்புவதற்கும் இடையே அதைவிடப் பெரிய தாமதம். படகு இன்னும் திரும்பவில்லையே என்று மேலும் அழுத்துகிறார்கள். பிறகு அது அளவுக்கு மீறித் திரும்ப, எதிர்ப்பக்கம் அழுத்துகிறார்கள். படகு பாம்பைப் போல நெளிந்து செல்கிறது. ஒரு தட்டு, ஒரு மூச்சு விடும் நேரம் காத்திருப்பு, பிறகு தேவையானால் இன்னொரு தட்டு. திருப்பம் முடிவதற்குச் சற்று முன்பே தண்டை நடுவுக்குக் கொண்டுவரத் தொடங்குங்கள். மோட்டாரின் தலையில் திசைகாட்டும் அம்புக்குறி இருந்தால் அடிக்கடி அதைப் பாருங்கள். இல்லையென்றால் பளிச்சென்ற நிறத்தில் நீங்களே ஒன்றை ஒட்டிக்கொள்ளலாம்.

ரிமோட்டில் இடது, வலது என்பவை படகின் இடதும் வலதும், உங்களுடையவை அல்ல. முன்னோக்கி நிற்கும்வரை இரண்டும் ஒன்றே. ஆனால் மீனை இழுக்கவோ, பின்னால் இருப்பவரிடம் பேசவோ திரும்பிய பின் இடது பொத்தான் உங்கள் வலப்புறத்துக்குப் படகைத் திருப்பும். கைப்பிடியால் ஓட்டுபவருக்கு இந்தக் குழப்பம் வருவதில்லை, ஏனெனில் அவர் மோட்டாரைத் தொட்டுக்கொண்டே இருக்கிறார். ரிமோட் வைத்திருப்பவர் பொத்தானை அழுத்தும் முன் முகத்தை முன்னோக்கித் திருப்பும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். வேறொரு காரணத்தாலும் இது தேவை. 1972 ஆம் ஆண்டின் கடல் மோதல் தவிர்ப்புக்கான பன்னாட்டு விதிகளில் ஐந்தாவது விதி, கண்ணாலும் காதாலும் எப்போதும் கண்காணிக்க வேண்டும் என்கிறது. ரிமோட் கையில் இருப்பது அந்தக் கடமையிலிருந்து யாரையும் விடுவிப்பதில்லை.

நேர்கோடு பழகிய பின் பெரிய எட்டு வடிவத்தில் இருபுறமும் சுற்றுங்கள். அதன் பின் நிறுத்தப் பழகுங்கள்: நீரில் ஒரு மிதவையைப் போட்டு, காற்றுக்கு எதிராக அதை அணுகி, தொடும் தூரத்தில் நிற்க வேண்டும். காற்றை எதிர்த்து அணுகும்போது காற்றே தடையாக உதவுகிறது. சிறிதளவு வேகத்தை விடாமல் வைத்திருந்து திசையைக் காக்க முடிகிறது. காற்றோடு சேர்ந்து அணுகினால் நிறுத்துவதற்குப் பின்னுந்துதல் தேவை. மின்மோட்டாரில் தண்டு அரைவட்டம் திரும்பச் சில நொடிகள் ஆகும். அந்த நொடிகளில் படகு பக்கவாட்டில் இழுபடும். தண்டைத் திருப்புவதற்கு முன் வேகத்தைச் சுழியமாக்கி, திரும்பிய பின் மீண்டும் கொடுத்தால் இந்தத் தடுமாற்றம் குறையும். துறையை அணுகுவதை இவையெல்லாம் கைவந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிபிஎஸ் மூலம் ஓரிடத்தில் நிறுத்துதல்

பல மின்மோட்டார்களில் ஒரு பொத்தானை அழுத்தினால் படகு அந்த இடத்திலேயே நிற்கும்படி மோட்டார் தானாகத் திரும்பித் தானாக ஓடும் வசதி உண்டு. ஜிபிஎஸ் துல்லியம் திறந்த வானின் கீழ்ச் சில மீட்டர்கள் என்பதால், படகு அந்தச் சிறு வட்டத்துக்குள் அலைந்துகொண்டிருப்பது இயல்பு. திசையுணரி ஒன்றும் இதில் சேர்ந்திருப்பதால், முதல் பயன்பாட்டில் கையேடு சொல்லும்படி மெதுவாக வட்டமடித்து அதை அளவுதிருத்தம் செய்ய வேண்டும். இரும்புப் பொருட்களும் ஒலிபெருக்கியும் அதனருகே இருக்கக் கூடாது.

இந்த நிலையில் மோட்டார் அமைதியாக இருந்துவிட்டு, எந்த முன்னறிவிப்பும் இன்றிச் சுழலத் தொடங்கும். எனவே யாரேனும் நீரில் இறங்குவதாக இருந்தால், ஒருவர் நீரிலிருந்து படகில் ஏறுவதாக இருந்தால், புரொப்பெல்லரில் சுற்றிய மீன்பிடி நரம்பை எடுப்பதாக இருந்தால், ரிமோட்டில் நிறுத்தினால் போதாது. சர்க்யூட் பிரேக்கரைத் துண்டியுங்கள். சட்டைப்பையில் இருக்கும் ரிமோட் குனியும்போது அழுந்துவதும், இருக்கையில் வைத்த ரிமோட்டின் மேல் ஒருவர் உட்காருவதும் புரொப்பெல்லரைச் சுழல வைக்கும். பொத்தான் பூட்டு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். மேலும் இது நங்கூரத்துக்கு மாற்று அல்ல; பேட்டரி தீர்ந்தால் படகு மிதந்து போய்விடும். உண்மையான நங்கூரமும் போதிய கயிறும் படகில் இருந்தே ஆக வேண்டும்.

ரிமோட் பதில் சொல்லாதபோது

முதலில் மோட்டாரை நிறுத்துங்கள். காரணத்தைப் பிறகு தேடலாம். கரைக்கோ பிற படகுகளுக்கோ அருகில் இருந்தால் நங்கூரத்தைப் போடுங்கள் அல்லது துடுப்பை எடுங்கள்.

பின்னர் எளியதிலிருந்து தொடங்குங்கள். உங்கள் உடல் ரிமோட்டுக்கும் மோட்டாருக்கும் இடையே நிற்கிறதா என்று பாருங்கள். மனித உடலும் பெருமளவு நீரே என்பதால் இந்த அலையை நன்றாகத் தடுக்கும். ரிமோட்டை மார்புக்கு முன்னே உயர்த்தி அழுத்துங்கள். அடுத்து ரிமோட்டின் பேட்டரியை மாற்றுங்கள். பழைய வட்ட பேட்டரி குளிரில் முதலில் தோற்கும். எப்போதும் வேலை செய்யாமல் இருப்பது ஒன்று, முழு வேகத்தில் மட்டும் தொடர்பு அறுவது வேறொன்று. இரண்டாவதாக இருந்தால் ரிமோட்டை விட்டுவிட்டு, பேட்டரி முனைகளையும் வயர் இணைப்புகளையும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும் இணைப்பில்தான் கோளாறு. கட்டளை போய்ச் சேர்கிறது, திருப்பும் சிறு மோட்டாரின் ஒலியும் கேட்கிறது, ஆனால் தண்டு திரும்பவில்லை என்றால் பற்சக்கரமோ இணைப்பு ஊசியோ உடைந்திருக்கும். அதைத் தண்ணீரில் சரிசெய்ய முயலாமல் கைப்பிடியாலோ துடுப்பாலோ கரைக்கு வாருங்கள்.

பராமரிப்பு

உப்புநீரில் சென்று வந்தவுடன் மோட்டாரையும் ரிமோட்டையும் நன்னீரால் மெதுவாகக் கழுவுங்கள். அழுத்தமாகப் பீய்ச்சும் குழாயைப் பயன்படுத்தினால் நீர் அடைப்பான்களைத் தாண்டி உள்ளே போகும். பிளக்குகளிலும் முனைகளிலும் மின்கடத்தா கிரீஸ் தடவுங்கள். புரொப்பெல்லரை அவ்வப்போது கழற்றி, தண்டில் சுற்றியிருக்கும் மீன்பிடி நரம்பை அகற்றுங்கள். அது அடைப்பானை அறுத்து உள்ளே நீரை விடும். நகரும் வயரில், குறிப்பாக முழு வட்டம் சுழலும் தண்டைச் சுற்றிவரும் சுருள் வயரில், உரசல் தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஈய அமில பேட்டரியைப் பயணம் முடிந்த அன்றே முழுமையாகச் சார்ஜ் செய்யுங்கள்; காலியாக விட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து திறன் குறையும். நீண்ட நாள் படகை நிறுத்தி வைப்பதாக இருந்தால் சர்க்யூட் பிரேக்கரைத் துண்டித்து, ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள். மீண்டும் எடுக்கும்போது போல்ட்டுகளை இறுக்கி, ரிமோட்டுக்குப் புதிய பேட்டரி போட்டு, கட்டிய படகில் செய்த சோதனைகளை முதலிலிருந்து செய்யுங்கள். மென்பொருளைப் புதுப்பித்திருந்தாலோ, ரிமோட்டை மாற்றியிருந்தாலோ, தொடர்பு அறுந்தால் மோட்டார் என்ன செய்கிறது என்ற சோதனையை மறுபடியும் செய்து, மோட்டாரின் தலையில் ஒட்டிய தாளில் இருப்பது இன்னும் சரிதானா என்று பாருங்கள்.